டில்லி ஹவுஸ் காஸ் இடிபாடுகள்: மத்ரஸாவை ஏன் வளைத்துக் கட்டினார்கள்?

முள்ளியவளைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாசி மாதம் டில்லிக்குச் சென்றிருந்தபோது, நகரின் தென்பகுதியிலுள்ள ஹவுஸ் காஸ் இடிபாடுகளில் ஒரு முற்பகலைச் செலவிட்டேன். உடன்வந்தவர்களில் ஒருவர் அதைப் பள்ளிவாசல் என்றார், மற்றவர் அரச கல்லறை என்றார், வேறொருவர் மத்ரஸா என்றார். எனக்கு விளங்காதது இன்னொன்று. இரண்டு நீண்ட கட்டடங்கள் செங்கோணமாக வந்து ஒரு மூலையில் சந்திக்க, அந்த மூலையில் குவிமாடத்துடன் கல்லறை நிற்கிறது. பின்புறமாக நுழைபவருக்கு ஒரு தளம்தான் தெரியும். முன்புறம் சென்று எட்டிப் பார்த்தால் கீழே இன்னொரு தளமும், அதற்குக் கீழே இறங்கும் படிகளும் இருக்கின்றன. படிகள் முடியும் இடத்திலோ நீர் இல்லை. ஏரி தள்ளிக் கிடக்கிறது. குளமென்று ஒன்றைக் கண்டால் துருசு (மதகு) எங்கே, வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) எங்கே என்று தேடுவது நம் பழக்கமல்லவா? அங்கே இரண்டும் என் கண்ணில் படவில்லை. மார்க்கக் கல்விக்கூடம் ஒன்றை ஏன் இப்படி வளைத்துக் கட்டினார்கள்? அது எப்படிப் பாழடைந்தது?

கட்டுக்கரையான் எழுதியது:

ஐயா, நீங்கள் கேள்விப்பட்ட மூன்றும் சரிதான். மூன்றும் ஒரே தொகுதியில் உள்ளன. ஆனால் கட்டடத்திலிருந்து தொடங்கினால் அது விளங்காது, குளத்திலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் பார்த்த செங்கோணம் குளத்தின் தென்கிழக்கு மூலை. ஒரு கை கிழக்குக் கரையிலும் மறு கை தென்கரையிலும் ஓடுகின்றன. நீர்ப்பக்கம் தாழ்ந்திருப்பதால் அங்கு இரண்டு தளம், மேட்டுப்பக்கம் ஒரு தளம்.

குளத்தைத் தோண்டியவர் 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி. வயலுக்குப் பாய்ச்சுவதற்காக அல்ல, அவர் எழுப்பிய சிரி நகரத்து மக்களின் தண்ணீர்த் தேவைக்காகவே அது தோண்டப்பட்டது. நம் குளங்களின் அமைப்பை அங்கே தேடி ஏமாந்ததில் வியப்பில்லை. பழைய பரப்பு ஏறத்தாழ 600 மீற்றருக்கு 700 மீற்றர், அதாவது நூறு ஏக்கருக்கு மேல். 1330களில் டில்லியில் காழியாக (நீதிபதியாக) இருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, இதன் கரையில் நாற்பது மண்டபங்கள் இருந்ததாகவும், சுற்றிலும் பாடகர்கள் குடியிருந்ததாகவும், ரமழானில் அந்தப் பாடகியர் கூடித் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையைத் தொழுததாகவும் எழுதியிருக்கிறார். 1344இல் நம் இலங்கைத் தீவில் இறங்கி யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த அதே பயணிதான்.

1351இல் டில்லி அரியணை ஏறிய சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் தன் பணிகளைத் தானே எழுதிவைத்தார். அதில் இக்குளத்தைப் பற்றி அவர் கூறுவது வன்னியில் எவருக்கும் புதிதாக இராது: குளம் தூர்ந்து நீரின்றிக் கிடந்தது, மக்கள் அதற்குள்ளேயே பயிர் செய்தார்கள், கிணறு தோண்டித் தண்ணீரை விற்றார்கள், நான் தூரெடுத்தேன். அலைகரைக்குள், அதாவது குளத்தின் நீர் பரவும் நிலத்துக்குள், வேலி போட்டு விதைப்பவர்கள் நம் காலத்தில்தான் தோன்றினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! இப்னு பதூதா கண்ட பெரிய குளமும் பிரோஸ் ஷா கண்ட வறண்ட குளமும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எண்ண வேண்டாம். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்தை மாரியிலும் ஆவணியிலும் பார்த்தவருக்கு இது தெரியும்.

தூரெடுத்தபின் 1352 அளவில் அதன் கரையில் மத்ரஸாவை எழுப்பினார். கீழ்த்தளத்தில் சிறிய அறைகள், மேல்தளத்தில் தூண்கள் தாங்கும் திறந்த கூடங்கள். அறைச் சுவர்களிலுள்ள மாடங்கள் நூல்கள் வைப்பதற்கானவை. 1388இல் இறந்த பிரோஸ் ஷா, இரு கைகளும் சந்திக்கும் அந்த மூலையில் அடக்கமானார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா எழுதியது:

பாழடைந்த காரணத்துக்கு ஒரே சொல் போதும்: மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர். 1398இல் டில்லியைச் சூறையாடியபோதே இதன் கதை முடிந்தது.

முசலியிலிருந்து எழுதியது:

ஆசிரியர் ஐயா, மன்னிக்கவும், அப்படிச் சொல்லிவிட முடியாது. தைமூர் இக்குளக்கரையில் பாளயமிறங்கியது உண்மை. ஆனால் அவர் தரப்பு வரலாறு இதன் பரப்பை வியந்து பேசுகிறது. மாரியில் நிரம்பி, ஆண்டு முழுவதும் டில்லி மக்களுக்கு நீர் தருவதாகவும் கூறுகிறது. குளத்தைத் தோண்டியவரே பிரோஸ் ஷாதான் என்றும் அது சொல்கிறது. தூரெடுத்தவருக்கே பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு நூறாண்டு கழித்து, 1508 அளவில், டில்லி சுல்தான் சிக்கந்தர் லோடி, பிரோஸ் ஷாவின் ஸியாரத்தை (அடக்கத்தலத்தை) திருத்தியிருக்கிறார். ஒரே நாளில் அழிந்த இடத்தை எவரும் அப்படித் திருத்துவதில்லை. தைமூருக்குப் பின் சுல்தானகம் சுருங்கியது. உஸ்தாதுமாருக்கும் மாணவருக்கும் படியளந்த அரசு வலுவிழந்தது. குளமும் மறுபடி தூர்ந்தது. கட்டடம் உடைகல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டது. மேற்பூச்சை ஆண்டுதோறும் கவனிக்காவிட்டால் மழை உள்ளே இறங்கிவிடும். நம்மூரில் 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின் ஆளின்றிக் கிடந்த வீடுகளும் பள்ளிவாசல்களும் என்ன நிலையில் இருந்தன என்பதை மீண்டும் குடியேறியவர்கள் அறிவார்கள். எல்லாச் சுவரையும் ஆயுதமா விழுத்தியது?

முள்ளியவளை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸியாரத்தின் தெற்கு வாசலுக்கு முன்னால் கல்லாலான வேலி ஒன்றைக் கவனித்தீர்களா? நிமிர்ந்த கற்களும் அவற்றினூடே குறுக்குக் கற்களுமாக, அநுராதபுரத்து ஜேதவனத்தில் நாம் காணும் பௌத்தக் கல்வேலியை அப்படியே நினைவூட்டுவது. பள்ளிவாசல் கிழக்குக் கரைக் கட்டடத்தின் வடகோடியில் உள்ளது. கிப்லா (தொழும் திசை) மேற்கே, குளமும் மேற்கே. அதனால் அத்திசையைக் காட்டும் நடு மிஹ்ராப், பக்கங்கள் திறந்த சிறு மண்டபமாக நீர்ப்பக்கம் நீண்டு நிற்கிறது. இரு பக்கத்திலும் சாளரங்கள். தொழுதவர்களின் முன்னால் நீர்ப்பரப்பு விரிந்திருக்கும். மிஹ்ராபைச் சுவருக்குள் குழிவாகவே கண்டு பழகிய எனக்கு, அந்த அமைப்பைப் போல் வேறெதுவும் பிடிக்கவில்லை.

முள்ளியவளைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கல்வேலியைக் கண்டேன், அதன் மேல் அமர்ந்து தண்ணீரும் குடித்தேன், பிழைதான். படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வடகோடிச் சுவரின் சாளரங்களை இடிந்த ஓட்டைகள் என்று நினைத்து, அவற்றின் வழியே மரங்களைத்தான் படம் பிடித்திருக்கிறேன். இப்போதுள்ள ஏரியின் நீர் மழைநீர்தானா?

கட்டுக்கரையான் எழுதியது:

மழைநீர் மட்டுமல்ல ஐயா. பழைய வரத்து வாய்க்கால்களின் வழியெல்லாம் நகரமாகிவிட்டது. நெடுங்காலம் வறண்டு கிடந்த குளத்தின் ஒரு சிறு பகுதிக்கு, 2000களின் தொடக்கத்தில், சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவந்து விட்டார்கள். படிகளுக்கும் நீருக்கும் இடையே நீங்கள் கண்ட மரங்கள் நிற்பது பழைய குளத்தின் தரையில்.