ஸ்கைவிங் கத்திக்கு நாலாயிரம் ரூபாய் கொடுக்கலாமா?

தாராவி_வாலட்:
மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் எங்களுக்குச் சின்னப் பட்டறை, வாலட், பெல்ட், கார்டு ஹோல்டர் செய்கிறோம். வசாயில் ஒருவர் ஸ்கைவிங்குக்கென்றே, அதாவது தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதற்கென்றே, கையால் கத்தி செய்து தருகிறார், ஒன்று நாலாயிரம் ரூபாய். ஓ1 ஸ்டீல் (எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் கருவி ஸ்டீல்), கடினம் 62 ராக்வெல், சாணை ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் முழுத் தட்டை. வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. 1.2 மி.மீ. தோலை மடிப்பு ஓரத்தில் 0.5க்கு இறக்குகிறோம், அந்த இடத்தில் கத்தி ஒருமுறை ஆழமாகக் கடித்துவிட்டால் வெட்டிவைத்த துண்டு முழுக்க வீண். வீணாகும் தோலின் விலையைப் பார்த்தால் கத்தி விலை பெரிதில்லை. ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், ராபி (செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் தோல் கத்தி) இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பட்டறைவாசி:
தம்பி, உங்கள் மாமா சொல்வதுதான் சரி. நாக்தேவி தெருவில் பவர் ஹேக்சா பிளேடு, அதாவது இரும்பு அறுக்கும் மெஷினின் ரம்பத் தகடு வாங்குங்கள், தேய்ந்து கழித்துப்போட்டதே போதும், அதை உடைத்து கிரைண்டரில் சாய்வாகப் பிடித்து, பிடிக்குத் தோல் வாரைச் சுற்றிவிட்டால் கத்தி தயார். எங்கள் சந்தில் பாதிப் பேர் இதில்தான் சீவுகிறார்கள், அவர்கள் செய்த பைகள் துபாய்க்குப் போகின்றன. இன்னொன்றும் யோசியுங்கள். கத்தியை யார் செய்தாலும் முதல் கூர் மட்டும்தான் செய்தவருடையது. அதற்குப் பிறகு நீங்கள் கல்லில் போடும் கூர்தான் வேலை செய்யப்போகிறது. கூர் போடத் தெரியாத பையன் கையில் நாலாயிரம் ரூபாய்க் கத்தியைக் கொடுத்தாலும் ஒரே வாரத்தில் அது மொக்கைதான்.

தாராவி_வாலட்:
அண்ணே, கூர் நம்முடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதம் நம்முடையது இல்லையே? ஸ்டீலை எவ்வளவு சூடாக்கினார், எதில் முக்கினார், அப்புறம் எந்தச் சூட்டில் இளக்கினார் என்பதெல்லாம் செய்தவர் கையில்தானே இருக்கிறது. அது தப்பானால் நான் எவ்வளவு தேய்த்தாலும் கூர் நிற்காது.

உலோகன்:
அந்தேரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலை பார்க்கிறவன், ஸ்டீல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹேக்சா பிளேடில் பதம் நம் கையில் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது பிளேடு செய்த தொழிற்சாலையில் ஏற்கெனவே சரியாகக் கொடுக்கப்பட்ட பதம். பிளேடு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எம்2 வகை என்றால் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம் அளவில் இருக்கும். அதைக் கடினமாக்க 1200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், கரி உலையில் ஊதிக்கொண்டு செய்கிற காரியம் இல்லை. அதே சமயம் 550 டிகிரி வரை அதன் பதம் கலையாது, அதனால் கிரைண்டரில் நீல நிறம் ஏறினாலும் பயப்பட வேண்டாம். ஓ1 மாதிரிக் கார்பன் ஸ்டீலில் நீலம் வந்தால் அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பகுதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

ஆனால் பட்டறைவாசி சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது வருகிற பிளேடுகளில் பல பைமெட்டல் (இரண்டு உலோகம் ஒட்டியது), பல் இருக்கும் கீற்று மட்டும்தான் ஹெச்எஸ்எஸ், முதுகு சாதாரண ஸ்பிரிங் ஸ்டீல். முதுகுப் பக்கம் வாய் (வெட்டும் ஓரம்) வைத்தால் கூர் நிற்காது. சாணையில் வைத்துப் பொறியைப் பாருங்கள். ஹெச்எஸ்எஸ் என்றால் மங்கலான சிவப்புப் பொறி குட்டையாக வரும், கார்பன் ஸ்டீல் பளிச்சென்று கிளை கிளையாக வெடிக்கும். பல் பக்கமும் முதுகுப் பக்கமும் ஒரே மாதிரி சிவப்பாக வந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெல்_சயான்:
இந்தக் காலத்திலும் கையால் சீவுவதைப் பற்றி இவ்வளவு பேச்சா? பெல் ஸ்கைவிங் மெஷின் போடுங்கள். மணி வடிவக் கத்தி சுற்றும், கீழே உருளை தோலை இழுத்துக் கொடுக்கும், அகலமும் ஆழமும் திருகில் வைத்தால் வைத்தபடி வரும். கத்தியைத் தீட்டும் கல் மெஷினிலேயே இருக்கிறது. ஒரே கனத்தில் நூறு துண்டு வேண்டுமென்றால் கையால் முடியவே முடியாது.

தாராவி_வாலட்:
மெஷின் பக்கத்துக் கடையில் இருக்கிறது, நேரான ஓரத்தையெல்லாம் அங்கே கொடுத்துத்தான் வாங்குகிறோம். வாலட்டின் மூலை, ஜிப் முடியும் இடம், நான்கு தோல் ஒன்றாகச் சேரும் இடம் இதெல்லாம் மெஷினில் வராது, கையில்தான் சீவ வேண்டும். என் கேள்வி அந்த வேலைக்கான கத்தியைப் பற்றித்தான்.

செம்பூர்_கைத்தோல்:
நான் வீட்டில் தனியாகச் செய்கிறேன், தமிழ்நாட்டிலிருந்து மரப்பட்டையில் பதனிட்ட தோல் வரவழைக்கிறேன். கையால் செய்த கத்தி வாங்கத்தான் வேண்டும் என்பேன், ஆனால் காரணம் வேறு. நான் இடது கைப் பழக்கம். ஒரு பக்கச் சாணை, சாய்ந்த வாய் உள்ள கத்தி வலது கைக்காரருக்குச் செய்தது என்றால் என் கையில் தோலுக்குள் புதைந்துகொண்டே போகும். கடைகளில் இடது கைக் கத்தி கேட்டுப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. செய்கிறவரிடம் சொன்னேன், சாணையை மறுபக்கம் மாற்றி, அகலத்தை 30 மி.மீ. ஆக்கி, பிடியை என் உள்ளங்கைக்கு ஏற்றபடி குட்டையாக்கித் தந்தார். உங்கள் பட்டறையில் இடது கைப் பையன் இருக்கிறானா என்று முதலில் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கடுக்காய், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலை ஈரமாக வைத்துக் கார்பன் ஸ்டீல் கத்தியால் சீவினால் கருநீலக் கறை விழும். தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் காலத்து எழுத்து மைதான். வெளிர் நிறத் தோலில் அது பெரிய தலைவலி. வாயை அடிக்கடி துடைக்க வேண்டும், சீவும்போது தோல் காய்ந்திருக்க வேண்டும். அப்புறம் மும்பை ஜூலையில் ராத்திரி அப்படியே போட்டுவிட்டால் காலையில் துரு. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்குப் பிடிக்கும்.

பட்டறைவாசி:
அம்மா, இடது கைக்கென்றால் நானும் தலையாட்டுகிறேன். ஆனால் ஹேக்சா பிளேடையும் மறுபக்கம் சாணை பிடித்தால் இடது கைக் கத்திதானே? அதற்கு ஐந்து நிமிடம் போதும், துருவும் இவ்வளவு சீக்கிரம் ஏறாது.

உலோகன்:
பிடிக்கலாம். சிக்கல் வாயின் கோணத்தில் வருகிறது. எங்கள் தாத்தா காலத்தில் தாராவியிலேயே தோல் பதனிட்டார்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்திய தொட்டிகள். அது விறைப்பான தோல், எந்தக் கத்தி வைத்தாலும் சுத்தமாக வரும். இப்போது பட்டறைக்கு வருவது பெரும்பாலும் குரோம் தோல், குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், கத்தி முன்னால் போகப் போகச் சுருண்டு குவியும். அதைக் கிழியாமல் 0.5க்கு இறக்க வாயின் கோணம் 15 டிகிரி அளவுக்காவது மெலிய வேண்டும். 62ல் இருக்கும் ஓ1 அந்த மெலிவைத் தாங்கும், கல்லில் சீக்கிரமும் ஏறும். ஹெச்எஸ்எஸ்ஸை அவ்வளவு மெலியவிட்டால் வாயில் பொடிப்பொடியாகத் தெறிக்கும், 20க்கு மேல் வைத்தால் நாள்கணக்கில் நிற்கும். ஆகவே நீண்ட நேரம் தடித்த பெல்ட் தோல் சீவ ஹெச்எஸ்எஸ், வாலட் மூலைக்கு ஓ1. இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல.

பட்டறைவாசி:
20 டிகிரியிலேயே வாலட் மூலை சீவுகிற ஆட்களை நான் காட்டுகிறேன். கத்தியை நேராகத் தள்ளக் கூடாது, பக்கவாட்டில் வழித்துக்கொண்டே போக வேண்டும், அப்போது கோணம் தானாகவே மெலிந்த மாதிரி வேலை செய்யும். அடியில் கடப்பாக்கல்லோ தடித்த கண்ணாடியோ இருக்க வேண்டும், பிளைவுட்டில் வைத்துச் சீவுகிறவனுக்கு எந்தக் கத்தியும் கடிக்கத்தான் செய்யும். தம்பி, உங்கள் பையன்கள் எதில் வைத்துச் சீவுகிறார்கள்?

தாராவி_வாலட்:
கல்தான் அண்ணே, மாமா காலத்துக் கல். இடது கைப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் துண்டுகள்தான் அதிகம் வீணாகின்றன, அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று சொல்லப்போகிறேன். மற்றவர்களுக்கு ராபியே இருக்கட்டும்.

பட்டறைவாசி:
பையனுக்கு வாங்குங்கள், உங்களுக்கு எதற்கு? அந்தப் பணத்தில் ஆயிரம் கிரிட் தீட்டுகல் ஒன்றும், பச்சை பாலிஷ் கட்டியும் வாங்கி, தோல் துண்டில் தடவி, எல்லோரையும் தினமும் காலையில் கூர் தீட்ட வையுங்கள்.

செம்பூர்_கைத்தோல்:
கல்லும் வாங்கட்டும், கத்தியும் வாங்கட்டும். தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் கத்தியின் தட்டைப் பக்கத்தை மார்க்கரால் கறுப்பாக்கிக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாய் ஓரம் முழுக்க ஒரே சீராக அழிய வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் பின்பக்கம் புடைத்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தாராவி_வாலட்:
சரி அக்கா, ஞாயிற்றுக்கிழமை வசாய் போகும்போது மார்க்கரும் குரோம் தோல் துண்டும் எடுத்துப் போகிறேன். பட்டறைவாசி அண்ணே, உங்கள் ஹேக்சா கத்தி ஒன்று இரண்டு நாளைக்குக் கிடைக்குமா? அதே தோலில் இரண்டையும் வைத்துச் சீவி, படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

பட்டறைவாசி:
வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தீட்டி நான்தான் தருவேன்.