மொட்டைக் கோழிக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே, மூணாறுக்கு மேல செண்டுவாரை பக்கம் எஸ்டேட் லயத்துல இருந்து எழுதுறேன். முட்டைப் பண்ணையில வயசாயிருச்சுன்னு கழிச்சுவிட்ட வெள்ளைக்கோழி மூணை வாங்கிட்டு வந்து வளர்க்குறோம், கறிக்கு இல்ல, வீட்டுப் பிள்ளைங்க மாதிரி. கூண்டுக் கம்பியில உரசி உரசி நெஞ்சும் முதுகும் மொட்டையாகி தோல் செவசெவன்னு தெரியுது, ஜனவரில இங்க உறைபனி விழுந்து காலையில புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும், அதுக்குள்ள ஏதாவது பண்ணியே ஆகணும்.

நல்லா இறகு இருக்குற கோழிக்கு ஸ்வெட்டர் வேண்டாம், அது இறகை உப்பவிட்டு உள்ள காத்தைப் பிடிச்சு வெச்சே சூடாக்கிக்கும், மேல துணி போட்டா அமுங்கிரும். நான் கேக்குறது இந்த மொட்டைங்களுக்கு மட்டும், இறகு முளைக்குற வரைக்கும். இங்கிலாந்துல கூண்டுல இருந்து மீட்ட கோழிங்களுக்கு இப்படி பின்னிப் போட்டிருக்காங்க.

ரெக்கைக்கு ஓட்டை எவ்வளவு பெருசா விடணும்? மாட்டுறதுக்கு பட்டனா வெல்க்ரோவா? புது இறகுக் குருத்துல ரத்தம் ஓடும், உரசினா வலிக்கும், அதனால எந்த நூல் மெத்துன்னு இருக்கும்னு கண்டிப்பா சொல்லுங்க. நனைஞ்சா உடனே கழட்டிருவேன், பேன் இருக்கான்னு தினமும் பாத்துக்குவேன், ஆனா ராத்திரி அடையும்போது போட்டே விடலாமா?

அளவோட போட்டோ இருந்தா போடுங்க. சேச்சிமார் யாராச்சும் பின்னித் தர்றதா இருந்தாலும் சரி, நூல் காசும் கூலியும் கொடுத்துடுறேன்.