இடெர்-இடெர்: 'சுருள் ஓவியம்' சரியா?

> பாலித் தீவுக் கோயில்கள்ல கட்டுற நீளத் துணி ஓவியம் இடெர்-இடெருக்குத் தமிழ்ல 'சுருள் ஓவியம்'னு போட்டுடலாமா?

அண்ணா, சுருள் ஓவியம் எனக்கு ஒட்டலை. அத சுருட்டி வைக்கிறது எடுத்து வைக்கும்போது மட்டும்தான். கோயில் திருவிழா வந்தா வெளிய எடுத்து மண்டபத்து கூரை ஓரத்துக்குக் கீழ சுத்திக் கட்டுவாங்க, ஒரு முழம்கூட அகலம் இருக்காது ஆனா நீளம் பல மீட்டர் போகும், ராமாயணமோ பாரதமோ ஜாவாக் கதைகள்ல வர்ற பாஞ்சி இளவரசன் கதையோ வரிசையா ஓடும், ஒரு காட்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பாறை வரிசை வரைஞ்சு பிரிப்பாங்க, நாம நடந்தாத்தான் கதை நகரும். இடெர்னாலே சுத்தி வர்றதுன்னுதான் அர்த்தம்.

மியூசியத்துல இதெல்லாம் போயிடுது. சிட்னி ஆஸ்திரேலியன் மியூசியத்துல 1976ல சேர்ந்த, பாலியில இருக்கற கமாசான் ஊர்த் துணி ஓவியங்கள் இருக்கு, மானுடவியலாளர் அந்தோணி ஃபோர்ஜ் சேகரிச்சது. மியூசியச் சுவர்ல நேரா நீட்டி மாட்டினா அது வெறும் நீளத் துணியாத் தெரியும். அதனால எங்க தொங்குச்சுங்கறத பேராவது சொல்லணும்.

அப்படியே ஒலிபெயர்த்தும் விடமுடியாது, இடர்-இடர்னு படிச்சா துன்பம்னு ஆயிடும்.

நம்ம கருப்பூர் கலம்காரித் துணி ஓவியத்துலயும் பேரு இடத்த வச்சுத்தான் வருது, வாசல்ல தொங்கினா வாசமாலை. அதே மாதிரி இது கூரை ஓரத்துல, அதாவது இறவாரத்துல தொங்குறதால இறவாரச்சீலைன்னு வைக்கலாம்.

> இறவாரம் யாருக்குப் புரியும் தம்பி? சுற்றுச்சீலைன்னா எளிசா இருக்குமே.

சுற்றுச்சீலைன்னா இடுப்புல சுத்துறதுன்னு நினைப்பாங்கண்ணா. ஓட்டு வீடு கூரை வீட்டுல இருந்தவங்க எல்லாருக்கும் எறவாணம் தெரியும், அருவாள சொருகி வைக்கிற இடம், மழை பெஞ்சா தண்ணி சொட்டுற இடம். எழுத்துல இறவாரம்னு போட்டாலும் காதுல எறவாணம்னு விழுந்துடும், ஒரு தடவை படம் பக்கத்துல பாத்துட்டா அப்புறம் மறக்காது. சொல்லு பழக்கத்துல இல்லங்கறதுக்காக விட்டுட்டா அப்புறம் எந்தச் சொல்தான் பழக்கத்துக்கு வரும்.

பாலியோட மத்த துணி ஓவிய வகைகள்ல, திரையாத் தொங்குற லாங்செக்கு நம்ம பழைய அரங்குச் சொல் எழினி அப்படியே பொருந்துது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பின்னணியாப் பின்பக்கம் வர்ற தாபிங்குங்கற வகைக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையல, இப்போதைக்குப் பின்சீலைன்னு வச்சிருக்கேன், வேற தோணினா போடுங்கண்ணா.