பிஎச் 7.4-இல் ஓர் உருவம் போதாதா?

நுண்ணோக்கி:
மாணவர் ஒருவர் ஒரே மூலக்கூறுக்கு இருபது உருவங்கள் வரைந்து டாக்கிங்குக்கு, அதாவது மருந்து நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியிருந்தார். புரோட்டான் ஏறியது, இறங்கியது, டாட்டோமர் (ஹைட்ரஜன் இடம் மாறிய உருவம்) என்று ஒன்றையும் விடவில்லை. வீண் வேலை. இரத்தத்தின் பிஎச் 7.4. அதில் எது மிகுதியோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

வாய்க்கால்கரை:
மெதோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தைக் கோட்டைவிடுவீர்கள். அதன் என்1 நைட்ரஜனின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகளில் அங்கே புரோட்டான் இருக்கும் பிஎச், ஏறத்தாழ 5.7. உங்கள் 7.4-இல் நூற்றில் இரண்டு மூலக்கூறுகளில்தான் அங்கே புரோட்டான் இருக்கும். ஆனால் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதிக்குள் அது புரோட்டானோடுதான் அமர்ந்திருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியில் 27ஆம் இடத்து அமினோ அமிலமான ஆஸ்பார்டேட்டின் எதிர்மின்சுமை அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அதே நொதியில் அமரும் ஃபோலிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை: ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி வந்ததற்கே என்1 இருக்கும் டெரிடின் வளையம் புரண்டு படுக்கிறது.

நுண்ணோக்கி:
எக்ஸ் கதிர்ப் படத்தில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரியாதே, ஐயா. ஊகத்தை உண்மை என்கிறீர்களா? அந்த இரண்டு சதவீதம்தான் உள்ளே நுழைகிறது என்பதற்கும் சான்று இல்லை.

வாய்க்கால்கரை:
2006-இல் இதே நொதியை நியூட்ரான் கொண்டு பார்த்தார்கள். அதில் ஹைட்ரஜன் தெரியும். புரோட்டான் என்1-இல்தான் இருந்தது. வெளியே ஏறியதா, உள்ளே போய் ஏறியதா என்பது வேகத்தைப் பற்றிய கேள்வி. பிணைப்பு வலிமைக்கு வழி முக்கியமில்லை.

கணக்குப்பிள்ளை:
இருவருமே செலவை மறந்துவிட்டீர்கள். இருபது உருவம் அனுப்புவது இருபது லாட்டரிச் சீட்டு வாங்குவது போல. ஏதாவது ஒன்றுக்குப் பரிசு விழும். அதற்காகச் சீட்டே வாங்கக்கூடாது என்பதில்லை, விலையை, அதாவது அரிய உருவத்துக்கு மாற ஆகும் ஆற்றலை, கழிக்க வேண்டும். ஒரு பிகேஏ அலகுக்கு மோலுக்குச் சுமார் 1.36 கிலோகலோரி. மெதோட்ரெக்சேட்டுக்கு 7.4-க்கும் 5.7-க்கும் இடைவெளி 1.7 அலகு, அதாவது 2.3 கிலோகலோரி. அதைக் கழித்த பிறகும் ஆஸ்பார்டேட்டோடு கிடைக்கும் பிணைப்பு லாபம்தான்.

நுண்ணோக்கி:
சரி, அந்த உருவத்தை ஒப்புக்கொள்கிறேன், பிகேஏ அளந்து வைத்திருப்பதால். டாட்டோமருக்கு என்ன செய்வீர்கள்? கொலாஜினேஸ் நொதியில் பார்பிட்யூரேட் வகைச் சேர்மம் ஒன்று ஈனால் (ஹைட்ரஜன் ஆக்சிஜன்மேல் இடம் மாறிய) உருவில் துத்தநாகத்தைப் பற்றுகிறது. கரைசலில் ஈனால் மிக அரிது. கழிக்க வேண்டிய எண்ணை எங்கே தேடுவது?

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. குவாண்டம் கணக்கில் ஒரு முறை ஒன்று சொன்னால் இன்னொன்று இரண்டு கிலோகலோரி தள்ளிச் சொல்கிறது.

வாய்க்கால்கரை:
அதனால் ஈனாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால் அந்தச் சேர்மம் கண்ணில் படவே படாதே?