‘சமத்து’ப் பிள்ளையும் பாலிகிளினிக் கேள்வித்தாளும்

பொங்கோல் அம்மா:
மகனுக்கு நான்கு மாதப் பரிசோதனை. பாலிகிளினிக்கில் (சிங்கப்பூர் அரசாங்க மருந்தகம்) தாதி முதலில் என்னிடம் எடின்பரோ கேள்வித்தாளை நீட்டினார். பிள்ளை பெற்ற தாய்க்கு மனச்சோர்வு இருக்குமோ என்று பார்க்கும் தாள் அது. 10 கேள்விகள், போன 7 நாள் மனநிலை பற்றி. பக்கத்தில் மாமியார். யார் உண்மையை எழுதுவார்? தாதி கெட்டிக்காரர். “ஆன்ட்டி, வெளியே நம்பர் வருதான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?” என்று அவரை அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் விஷயம். மகன் அழவே மாட்டான், வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை. தாதிக்கு அதுதான் உறுத்தியது. குனிந்து பேசினாலும் முகம் பார்க்காமல் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கண், காது பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டும் நன்றாகவே இருந்தன. அங்கே எங்கள் இருவரையும் பாயில் விளையாடவிட்டு மூன்று நிமிடம் படம் பிடித்தார்கள். நிபுணர் அதை ஓட்டிக் காட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். மகன் ஒரு நொடி என் வாயைப் பார்க்கிறான். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறேன். “கூப்பிடுறான், சத்தமில்லாம” என்றார். இப்போது எனக்கு ஆலோசனை, எங்கள் இருவருக்கும் விளையாட்டு வகுப்பு. பரவாயில்லை, கொஞ்சம் கொஞ்சமாக முகம் பார்க்கிறான்.

ஆரம்பகாலத் தலையீட்டு ஆசிரியை:
அந்தத் தாதிக்கு ஒரு சபாஷ். ரகளை செய்யும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள், ஒதுங்கும் பிள்ளைதான் கண்ணில் படாது. இதற்கென்றே பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் கெதெனே 2001இல் ஏ.டி.பி.பி. என்ற அளவுகோலை வெளியிட்டார். பிள்ளை எவ்வளவு ஒதுங்குகிறது என்று பார்த்துப் புள்ளி போடுவது. 2 முதல் 24 மாதப் பிள்ளைகளுக்கானது. முகபாவம், கண் பார்வை, குரல், அசைவு என 8 அம்சங்கள். ஒதுங்கல் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 5 புள்ளி தொட்டாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் அது நோயின் பெயர் அல்ல. காய்ச்சல், வலி, பசி எதுவும் காரணமாக இருக்கலாம்.

யீஷூன் அக்கா:
என் தங்கை கதை வேறு. பிள்ளை பாலுக்கு அலற, எடின்பரோ தாளில் எல்லாவற்றுக்கும் முதல் பெட்டியிலேயே டிக் போட்டுக் கொடுத்துவிட்டாள். புள்ளி கூடினால் மனச்சோர்வுக்கு வாய்ப்பும் கூடுதல் என்று அர்த்தம். அந்தத் தாளில் ஏழு கேள்விகளுக்கு முதல் பதில்தான் 3 புள்ளி, மற்ற மூன்றுக்கு 0. ஆக 30க்கு 21! கடைசிக் கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, விடுவார்களா? உடனே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மறுபடி நிதானமாகக் கேட்டு எழுதினால் 14. அதுவும் கூடுதல்தான், வாரா வாரம் ஆலோசனைக்குப் போய் வருகிறாள்.