டிக் லெபோவின் ‘ஸோன் பிளிட்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் ‘ஸோன் பிளிட்ஸ்’ என்ற தடுப்பு உத்திக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். மண்டலத் தாக்குதல், மின்னல் வளையம், பகுதிப் பாய்ச்சல். ஒவ்வொன்றையும், அந்த உத்தியை வளர்த்த பயிற்றுநர் டிக் லெபோ பற்றி நான் எழுதிவரும் கட்டுரையின் வரிக்குள் வைத்துப் படித்தேன். எதுவும் சரியாக உட்காரவில்லை. முதல் மடலில் ஆட்டத்தை விளக்காமல் சொல்லை மட்டும் கேட்டது என் தவறு. பொருள் தெரியாமல் யாரால் சொல் தர முடியும்? அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியில் அதை எறிபவர் குவார்ட்டர்பேக். எதிரே நிற்கும் தடுப்பணியில் சிலர் அவரை நோக்கிப் பாய்வார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று, பந்து யாருக்குப் போகக்கூடுமோ அவர்களைக் காப்பார்கள். வழக்கமாக நான்கு பேர் பாய்வார்கள், ஏழு பேர் காப்பார்கள். நான்கு பேர் போதாது என்று தோன்றினால், காவலில் இருக்கும் ஐந்தாவது ஆறாவது ஆளையும் சேர்த்து அனுப்புவதுதான் பிளிட்ஸ். அனுப்பினால் பின்னால் ஆள் குறையும். அதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

1980களில் அந்த விலை ஏறிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ் வளர்த்தெடுத்த ஆட்டமுறையில் பந்து குறுகிய தூரத்துக்கு, மிக விரைவாகப் போகும். பாய்கிற ஆள் எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாரோ அந்த இடத்துக்கே ஒருவர் ஓடுவார். குவார்ட்டர்பேக் அங்கே எறிந்துவிடுவார். பாய்ந்தவர் வந்து சேரும்போது அவர் கையில் பந்து இருக்காது.

1984இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் தடுப்பணியின் பொறுப்பை ஏற்ற லெபோ இதற்குத்தான் விடை தேடினார். அவர் கண்ட விடை எளிமையானது. பின்னால் நிற்கும் லைன்பேக்கரையோ (முன்வரிசைக்கு அடுத்து நிற்பவர்) காவலரையோ பாய விடு. முன்வரிசையில், பாயப் போகிறவர்போல் கையை ஊன்றி நிற்கும் கனத்த ஆளைப் பின்வாங்கச் சொல். குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்கு அந்த இடம் காலி. அவர் எறிகிறார். அங்கே 120 கிலோவுக்கு மேற்பட்ட ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அந்தக் கனத்த ஆளைத் தடுக்கத் தயாராக இருந்த எதிரணிக்காரருக்கோ தடுக்க ஆளே இல்லை. பக்கத்து இடுக்கில் வேறொருவர் நுழைந்து போய்விடுகிறார். பெரும்பாலும் கணக்கு இப்படி அமையும்: ஐந்து பேர் பாய்ச்சல், கிட்டத்தில் மூன்று பேர், ஆழத்தில் மூன்று பேர். மொத்தம் 11.

லெபோ இதை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கினார் என்று எழுதக்கூடாது. 1970களின் தொடக்கத்திலேயே மயாமி டால்ஃபின்ஸ் அணியின் பயிற்றுநர் பில் ஆர்ன்ஸ்பார்கர், பாப் மாத்தசன் என்ற லைன்பேக்கரைச் சில முறை பாய விட்டும் சில முறை பின்வாங்க வைத்தும் ஆடினார். மாத்தசனின் சட்டை எண் 53. அந்தத் தடுப்பு முறைக்கே ‘53’ என்று பெயர் வந்தது. லெபோ பிற்காலத்தில் ஆர்ன்ஸ்பார்கரைத் தேடிப் போய்க் கேட்டுக் கற்றவர். நெருக்குதல் வேண்டும், ஆனால் அது பத்திரமான நெருக்குதலாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். அதை ஒரு முழு முறையாக வளர்த்தவர் லெபோ.

இனிச் சொற்கள்.

‘மண்டலத் தாக்குதல்’ வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மண்டலம் என்றதும் நமக்கு மாநகராட்சி மண்டலம் நினைவுக்கு வரும், 48 நாள் விரதம் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், ஏதோ ஒரு மண்டலத்தின்மேல் தாக்குதல் நடக்கிறது என்று வாசகர் நினைப்பார். உண்மை நேர் எதிர். பாய்வது ஆளின்மேல், ‘ஸோன்’ என்பது பின்னால் மிஞ்சியிருப்பவர்கள் காக்கும் இடம். தவிர, தாக்குதல் என்ற சொல்லைப் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தடுப்பணிக்கும் அதையே கொடுத்தால் இரண்டு பத்தி தாண்டுவதற்குள் குழம்பிவிடும்.

அதனால் அடியிலிருந்து ஒரு இணையை முதலில் முடிவு செய்யலாம். ஓர் ஆட்டக்காரர் எதிரணியில் ஒருவரையே பின்தொடர்ந்து காத்தால் ஆட்காவல். தனக்கு ஒதுக்கிய இடத்தைக் காத்து, அங்கே யார் வந்தாலும் பார்த்துக்கொண்டால் இடக்காவல். ஊர்க்காவல், வயற்காவல் என்று புழங்கிய சொல்தான் இது. விளக்கமே தேவைப்படாது என்று நம்புகிறேன். கூடைப்பந்துக்கும் இந்த இணை அப்படியே பொருந்தும்.

பிளிட்ஸ் ஜெர்மன் சொல், மின்னல் என்று பொருள். போர்க்காலத்தில் பரவி ஆட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன் அமெரிக்கர்கள் இதை ‘ரெட் டாக்’ என்றார்கள். மின்னலை மொழிபெயர்த்தால் வேகம் மட்டும்தான் கிடைக்கும். இந்த உத்தியின் உயிர் ஆள் கூட்டி அனுப்புவதில் இருக்கிறது. அதனால் சாதாரணமாக நால்வர் போவதைப் பாய்ச்சல் என்றும், ஆள் கூட்டிப் போவதை மிகைப்பாய்ச்சல் என்றும் சொல்லலாம். 1990களில் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்த ‘பிளிட்ஸ்பர்க்’ என்ற பட்டப்பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். சிலேடையை மொழிபெயர்த்தால் செத்துப்போகும்.

சரி, ஸோன் பிளிட்ஸுக்கு வருவோம். ‘இடக்காவல் பாய்ச்சல்’ என்றால் சொல்லுக்குச் சொல் சரிதான். பொருளில் பாதிதான் வரும். பின்னால் இடக்காவல் இருக்கிறது என்று சொல்கிறது; யாரோ ஒருவர் வரவேண்டியவர் வராமல், வேறொருவர் வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. லெபோவின் மொத்த அறிவும் அந்த மாற்றில்தான் இருக்கிறது. ‘மாற்றுப் பாய்ச்சல்’ என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். வேறு வகைப் பாய்ச்சல் என்று பொருள் போய்விட்டது.

என் முன்மொழிவு: இடமாற்றுப் பாய்ச்சல்.

இருவர் இடம் மாற்றிக்கொள்கிறார்கள், அதிலிருந்து பாய்ச்சல் பிறக்கிறது. ‘இடம்’ என்ற சொல் இடக்காவலையும் காதில் தொட்டுச் செல்கிறது. கூடவே ஒரு வினைச்சொல்லும் நம்மிடம் தயாராக இருக்கிறது: போக்குக் காட்டுதல். ஊருக்குள் வந்த சிறுத்தை வனத்துறைக்குப் போக்குக் காட்டுகிறது என்று நாளிதழில் படிக்கிறோமே, அதுதான். முன்வரிசை ஆள் பாய்வதுபோல் போக்குக் காட்டிப் பின்வாங்குகிறார் என்று எழுதினால் ஆட்டம் தெரியாதவருக்கும் படம் தெரியும்.

ஒரு சொல்லைப் பழகிப் பார்க்கக் கடினமான வாக்கியத்தில் வைக்க வேண்டும். 2009 பிப்ரவரி 1, தாம்பா நகரில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. லெபோ தடுப்பணியை நடத்திய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 10-7 என்று முன்னணியில். முதல் பாதி முடியச் சில நொடிகளே பாக்கி. எதிரணியான அரிசோனா, புள்ளி எடுக்கும் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. எழுதிப் பார்த்தது இது: ‘ஸ்டீலர்ஸின் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் பாய வேண்டியவர். பாய்வதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்வாங்கி நின்றார். அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த பந்து நேராக அவர் கைக்கு வந்தது. 100 யார்டு ஓடி எதிர்க்கோட்டில் விழுந்தார்.’ அன்று ஹாரிசனுக்குச் சொல்லப்பட்டது பாயும்படிதான், பின்வாங்கியது அவருடைய சொந்த முடிவு. ஆகவே அதை இடமாற்றுப் பாய்ச்சல் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் அந்த முறையில் ஊறியவருக்குத்தான் அப்படித் தோன்றும். ஸ்டீலர்ஸ் 27-23 என்று வென்றது. வினைச்சொல் தேறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

தோல்வியிலும் வைத்துப் பார்த்தேன். 1989 ஜனவரியில் பெங்கால்ஸ் அதே பில் வால்ஷின் அணியை இறுதிப் போட்டியில் சந்தித்தது. பாதி ஆட்டத்தில் 3-3. கடைசியில் வால்ஷ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா 92 யார்டு கடந்து, 34 நொடி மிச்சமிருக்கும்போது எறிந்த பந்தில் 20-16 என்று முடிந்தது. ‘லெபோவின் இடமாற்றுப் பாய்ச்சல்கள் அந்தக் கடைசி ஓட்டத்தை நிறுத்தவில்லை’ என்ற வரி இயல்பாகவே வந்தது.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. ‘இன்டர்செப்ஷன்’ என்பதற்கு இடைமறிப்பு என்று பலரும் எழுதுகிறோம். மறித்தால் பந்து நிற்கும், அவ்வளவுதான். இங்கே பந்து கைமாறுகிறது. இடைப்பறிப்பு என்றால் அது வருகிறது. லெபோ ஓஹியோ மாநிலத்தின் லண்டன் என்ற சிற்றூர்க்காரர். 1959இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸில் சேர்ந்தவர் 1972 வரை 14 பருவங்கள் ஆடினார். 62 இடைப்பறிப்புகள், கார்னர்பேக்காகத் தொடர்ந்து 171 ஆட்டங்கள். தடுப்பணியின் ஓரத்தில் நின்று காக்கும் கார்னர்பேக்கை நான் ஓரக்காவலர் என்றே எழுதுகிறேன். யாரும் மறுக்காததால் அது நிலைக்கட்டும்.

இதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. மிகைப்பாய்ச்சல் தோற்கும்போது தனியாக மாட்டிக்கொள்பவர் ஓரக்காவலர்தான். 14 ஆண்டு அந்த மூலையில் நின்ற ஒருவர், பின்னால் ஆளே குறையாமல் முன்னால் நெருக்குவது எப்படி என்று யோசித்ததில் வியப்பில்லை. அவருடைய பயிற்றுநர் வாழ்க்கை ஆட்டக்காரர் வாழ்க்கையிலிருந்தே முளைத்தது. கட்டுரை இதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் இந்தச் சொற்கள் எல்லாம்.

அடுத்து ‘டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர்’. ஒருங்கிணைப்பாளர் என்றால் விழா நடத்துபவர்போல் ஒலிக்கிறது. தடுப்பணிப் பயிற்றுநர் போதும். லெபோ தலைமைப் பயிற்றுநராக இருந்தது பெங்கால்ஸில் 2000 முதல் 2002 வரை மட்டும். 12 வெற்றி, 33 தோல்வி. அந்த எண்ணை வைத்து அவரை அளந்தால் மனிதரே தவறிப்போவார். அவருடைய பெரிய வேலை இரண்டாம் இடத்தில் இருந்து செய்தது. 2008 பருவத்தில் அவருடைய தடுப்பணி விட்டுக்கொடுத்த புள்ளியிலும் தூரத்திலும் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லிலேயே மிகக் குறைவு. 2010இல் கேன்டன் நகரிலுள்ள கால்பந்துப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது ஆட்டக்காரராகத்தான், ஆட்டத்தை விட்டு 37 ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போது 72 வயது, இன்னும் வேலையில் இருந்தார். ஸ்டீலர்ஸ் அணி மொத்தமும் விழாவுக்கு வந்து உட்கார்ந்தது. 1959 முதல் 2017 வரை ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இடைவெளி இல்லாமல் 59 பருவங்கள்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இடமாற்றம் என்றால் அரசு ஊழியருக்குப் பணியிட மாறுதல் ஆயிற்றே என்று. ‘இடமாற்று’ என்பது வினையடி, ‘இடமாற்றம்’ பெயர். பாய்ச்சலோடு சேரும்போது குழப்பம் வராது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் வீட்டில் யாரிடமாவது முன்விளக்கம் இல்லாமல் சொல்லிப் பார்த்து, என்ன புரிந்தது என்று எழுதுங்கள். நான் என் அக்காவிடம் கேட்டேன். ‘ஒருத்தர் பாயணும், அவருக்குப் பதிலா இன்னொருத்தர் பாயறாரா?’ என்றார்.

வேறு நல்ல சொல் வராவிட்டால் வரும் ஞாயிறன்று இடமாற்றுப் பாய்ச்சல் என்றே கட்டுரையில் ஏற்றுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ஸோன் பிளிட்ஸ் எனப்படும்’ என்று ஒரு முறை மட்டும் சேர்ப்பேன்.