சைட்ல ஓட்டை தேடுற ஸ்கேனர் ‘க்ளீன்’னு சொன்னதுக்கு அப்புறம் சிக்கினது: உங்க அனுபவம் சொல்லுங்க

பொட்டிதட்டி:
எழுத்துல பர்மிஷன் வாங்கிப் பண்ண டெஸ்ட்தான், முதல்லயே சொல்லிடறேன். ஸ்கேனர் ராத்திரி பூரா ஓடி ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் குடுத்துருச்சு, மேனேஜர் அத க்ளையன்ட்டுக்கும் அனுப்பிட்டார். எனக்கு மனசு கேக்காம ரெண்டு டெஸ்ட் அக்கவுன்ட் போட்டு, ஒண்ணோட குக்கீய (லாகின் அடையாளம்) வச்சுக்கிட்டே பர்ப் ரிப்பீட்டர்ல (ரிக்வெஸ்ட்ட மாத்தித் திரும்ப அனுப்புற டூல்) இன்வாய்ஸ் நம்பர மட்டும் இன்னொண்ணோடதா மாத்தி அனுப்பினேன். 200 ஓகே, அதாவது சர்வர் குடுத்துருச்சு. பிடிஎஃப் தொறக்குது, மேல அடுத்த அக்கவுன்ட் பேரு! லாகின் ஆயிருக்கானான்னு பாக்குது, பில்லு இவனோடதான்னு பாக்கவே இல்ல. ஸ்கேனரத் திட்டவும் முடியல, யாரோட பில்லுன்னு அதுக்கு எப்படித் தெரியும். ஆனா அந்த ‘க்ளீன்’ ரிப்போர்ட்ட யாரும் திரும்ப வாங்கல, அதான் உறுத்துது

செமிகோலன்:
ஐடார்லாம் (மேல சொன்ன மாதிரி நம்பர மாத்தி அடுத்தவன் டேட்டா எடுக்கறது) ஈஸி ப்ரோ, நம்பருக்கு பதிலா யூயூஐடி (யூகிக்க முடியாத நீள ஐடி) போட்டா முடிஞ்சுது. என்னுது, டேட்டாபேஸுக்குள்ள நம்ம கட்டளைய நுழைச்சு பதில் வர்ற நேரத்த வச்சுக் கண்டுபிடிக்கற டைம் பேஸ்டு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். சிங்கிள் கோட் போட்டா எர்ரரும் இல்ல, பக்கத்துல ஒரு எழுத்து மாறல. சார்ட் பாராமீட்டர்ல (வரிசைப்படுத்தற ஆப்ஷன்) ஸ்லீப் 5 (5 செகண்ட் நில்லுன்னு கட்டளை) வச்சேன், பக்கம் அப்படியே நிக்குது... நெட் ஸ்லோவோன்னு 10 போட்டேன், கரெக்டா 10 செகண்ட். 0 போட்டா டக்குனு வருது. டெவலப்பர் “ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்தான் யூஸ் பண்றோம்”னு சாதிக்கிறார், அதாவது யூசர் குடுக்கறத கட்டளையோட ஒட்டாம தனியா அனுப்பறாங்களாம். வேல்யூவுக்கு சரி, ஆர்டர் பைல (வரிசைப்படுத்தற இடம்) காலம்ன் பேர அப்படி தனியா பைண்ட் பண்ண முடியாதே, அங்க மட்டும் யூசர் குடுத்த ஸ்ட்ரிங்க அப்படியே ஒட்டி வச்சிருந்தாங்க

பழையபூட்டு:
@செமிகோலன் யூயூஐடி போட்டா முடிஞ்சுதா? வேற ஏபிஐ ரெஸ்பான்ஸ்ல, லாக்ல, ஷேர் பண்ற லிங்க்ல எல்லாம் அது வெளிய வரும், சர்வர்ல ஓனர் செக் இல்லன்னா அவ்ளோதான். ஓவாஸ்ப் டாப் 10ல (வெப் ஓட்டைகளோட பிரபல லிஸ்ட்) ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல் (யாருக்கு எதுக்கு அனுமதின்னு சரியா பாக்காதது) 2017ல 5வது, 2021ல முதல் இடம், சும்மாவா வந்துச்சு? என் கதை சின்னது: ஒரு தடவ மட்டும் செல்லுற கூப்பன், ரிக்வெஸ்ட்ட ஒரே நேரத்துல கும்பலா விட்டேன், அத்தனையும் செல்லுபடி ஆச்சு, பில் மைனஸ்ல நிக்குது. புதுசா கத்துக்கறவங்க கவனிங்க, யார் சைட்லயும் கைய வைக்காதீங்க, ஜூஸ் ஷாப்ப (பழகறதுக்குன்னே ஓட்டையோட செஞ்ச ஆப்) உங்க மெஷின்ல ஏத்திப் பழகுங்க, ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு அக்கவுன்ட் வச்சு ஒருத்தன் ரிக்வெஸ்ட்ட இன்னொருத்தன் குக்கீல அனுப்பிப் பாருங்க, கெட் ரிக்வெஸ்ட்டுக்கு (படிக்க) 403 (அனுமதி இல்ல) வந்தா புட் (மாத்த), டெலீட்டும் பாருங்க, வேஃப் (வெப் ஃபயர்வால்) தடுக்குதுன்னு ஓட்டைய விட்டுறாதீங்க. எக்ஸ்எஸ்எஸ்ஸுக்கு (அடுத்தவன் ப்ரவுசர்ல நம்ம ஸ்க்ரிப்ட்ட ஓட விடறது) குக்கீல ஹெச்டிடிபிஒன்லி (ஸ்க்ரிப்ட்டால குக்கீய படிக்க முடியாத செட்டிங்) போட்டுட்டா பயமே இல்ல

டேப்மூடல:
அண்ணே கடைசி வரி தப்பு. சப்போர்ட் டிக்கெட் பேர் ஃபீல்டுல ப்ளைண்ட் எக்ஸ்எஸ்எஸ் பேலோட் (எங்க ஓடுதுன்னு நமக்குத் தெரியாத ஸ்க்ரிப்ட்) வச்சிட்டு, ஒண்ணும் வரலன்னு விட்டுட்டேன். வேற வேலையா இருந்தப்ப என் சர்வருக்கு கால்பேக் வருது, ஸ்க்ரீன்ஷாட்டோட. அட்மின் பேனல்! கஸ்டமர் லிஸ்ட் பூரா தெரியுது, ஓரத்துல ‘டெலீட் யூசர்’ பட்டன். குக்கீ வரல, ஹெச்டிடிபிஒன்லிதான். வந்து என்ன ஆகணும்? ஸ்க்ரிப்ட் ஓடுறதே அட்மின் ப்ரவுசர்லதான, அவர் பேர்லயே ரிக்வெஸ்ட் போகும், பேஜ்ல இருக்கற சிஎஸ்ஆர்எஃப் டோக்கனையும் (ரிக்வெஸ்ட் அந்த சைட்லருந்தே வந்துச்சான்னு பாக்கற ரகசிய கோட்) அதே படிச்சுக்கும். ஸ்க்ரீன்ஷாட்ல இருந்த பேரையெல்லாம் மறைச்சு ரிப்போர்ட் போட்டேன், கஸ்டமர் பக்கத்துல எஸ்கேப் (ஸ்க்ரிப்ட்ட வெறும் எழுத்தாக்கறது) பண்ணிருக்கோமேன்னு பதில் வந்துச்சு. அட்மின் பக்கத்துல யாரு பண்றது?